பந்தயம் முடிஞ்சு குதிரைக்கு விலா துடிக்குது: ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

மானூர்_மட்டம் | ஞாயிறு இரவு 9:20

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நம்மகிட்ட ஒரு குதிரை நிக்கி. சின்னக் குதிரை பிரிவு, ஆறு வயசு, எடை 320 கிலோ தேறும். நேத்து சிவகங்கைப் பக்கம் ஒரு கோயில் குதிரை வண்டிப் பந்தயத்துக்குக் கொண்டு போயிருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி குட்டியானை லோடு வண்டியில ஏத்தி, விடியறதுக்குள்ள அங்கன போயாச்சு. காலையில எட்டரைக்குப் பந்தயம்னாங்க. கொடி அசைக்கும்போது பத்தரை ஆயிட்டு. போக வர எட்டு மைல். மூணாவதா வந்துச்சு, அதுல குறை இல்ல.

வண்டிய அவுத்து நிழல்ல கட்டின பொறவுதான் பாத்தேன். மூச்சு அடங்கிட்டு, ஆனா விலா மட்டும் துடிச்சுக்கிட்டே இருக்கு. விக்கல் எடுக்கிற மாதிரி டக் டக்னு. கழுத்து, தொடையிடுக்கு எல்லாம் வெள்ளை நுரை. வாளியில தண்ணி வச்சா மூக்கை முக்கிட்டு முகத்தத் திருப்பிக்கிடுது. பக்கத்துல நின்ன ஒருத்தர் மனுசன் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அஞ்சைக் கரைச்சு பாட்டில்ல ஊத்தச் சொன்னாரு. எனக்குத் தைரியம் வரல. ஒரு மணி நேரத்துல துடிப்பு தானா நின்னுட்டு. இப்ப புல்லு திங்குது, நல்லாத்தான் இருக்கு.

அடுத்த மாசம் இன்னொரு பந்தயம் இருக்கு. அதுக்கு என்ன எலக்ட்ரோலைட் (உப்புச் சத்துப் பவுடர்) வாங்கணும், எவ்வளவு, எப்பக் கொடுக்கணும்?


வல்லநாட்டு_சாரதி | ஞாயிறு இரவு 9:48

தம்பி, நாப்பது வருசமா வண்டி பிடிக்கேன். இந்தப் பவுடர் எல்லாம் கடைக்காரன் பிழைக்கக் கண்டுபிடிச்சது. நீராகாரத்துல கல்லுப்பும் ஒரு துண்டு கருப்பட்டியும் கரைச்சு வை. நாலு நாள் காணம் (கொள்ளு) வேகவச்சுப் போடு. முந்தின ராத்திரியே தண்ணிய நிறுத்திரணும், வயிறு கனத்தா ஓடாது. ஓடி வந்த சூட்டோட தண்ணி காட்டவும் கூடாது, மேல ஊத்தவும் கூடாது. நரம்பு இழுத்துக்கிடும். துடிப்புங்கிறது வெயிலு. கத்திரி முடியட்டும், சரியாப் போயிரும்.


நெல்லை_கால்நடை | ஞாயிறு இரவு 10:30

நான் கால்நடை மருத்துவர். ராமையன்பட்டி கல்லூரியில படிச்சவன், இப்ப வேற மாவட்டத்துல இருக்கேன். மானூர் தம்பி, எலக்ட்ரோலைட் கேள்விக்கு அப்புறம் வாரேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க.

துடிச்சது ரெண்டு விலாவுமா, ஒரு பக்கமா? இடது முழங்கைக்குப் பின்னால கை வச்சுப் பாத்தீங்களா, இதயம் அடிக்கிறதும் விலா அடிக்கிறதும் ஒண்ணா இருந்துச்சா? வண்டியில ஏத்தினதுல இருந்து பந்தயம் வரைக்கும் குதிரை எவ்வளவு தண்ணி குடிச்சுது? பந்தயத்துக்கு முன்னால வாய் வழியா, ஊசி வழியா எதாவது போச்சா? எதுவானாலும் சொல்லுங்க, இங்க யாரும் திட்ட மாட்டோம்.


மானூர்_மட்டம் | ஞாயிறு இரவு 10:52

சார், ரெண்டு பக்கமும் துடிச்சுது, இடது பக்கம் கொஞ்சம் கூட. நெஞ்சுல கை வச்சுப் பாக்கல. ஆனா பையன் எடுத்த வீடியோ இருக்கு. அதுல எண்ணிப் பாத்தேன், நிமிசத்துக்கு எழுபது சொச்சம். மூச்சு அந்த அளவுக்கு இல்ல, மூச்சு தனியா மெதுவாத்தான் போகுது.

தண்ணி வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடிச்சதுதான். வண்டியில வைக்கல. அங்க போய் வச்சேன், அந்த ஊர்த் தண்ணி அதுக்குப் பிடிக்கல. அப்புறம் அண்ணாச்சி சொன்ன மாதிரி பந்தயத்துக்கு முன்னால வைக்க வேண்டாம்னு எல்லாரும் சொன்னாங்க, விட்டுட்டேன். ஊசி எதுவும் போடல.


வளைகுடா_லாயம் | திங்கள் அதிகாலை 1:15

திசையன்விளைக்காரன். பதினோரு வருசமா துபாய்ல ஒரு லாயத்துல இருக்கேன், எங்க வேலையே நீண்ட தூர ஓட்டக் குதிரைகதான். 100, 120, 160 கிலோமீட்டர். சுத்துச் சுத்தா ஓடும், ஒவ்வொரு சுத்துக்கும் மருத்துவர் நிறுத்திப் பாப்பாரு. குறிச்ச நிமிசத்துக்குள்ள இதயத் துடிப்பு 64க்கு இறங்கலைன்னா அந்தக் குதிரை வெளிய, எத்தனை கோடிக் குதிரையானாலும் சரி.

தம்பி சொல்லுத துடிப்பை இங்கன நெறைய பாத்திருக்கேன். வெள்ளைக்காரன் அதுக்கு ‘தம்ப்ஸ்’னு பேரு வச்சிருக்கான். அது வெயிலு இல்ல அண்ணாச்சி. ரத்தத்துல உப்புக கணக்குத் தப்புனா வாரது.

ஒண்ணு கேக்கேன் தம்பி, கோவிச்சுக்கிடாத. ஆப்பசோடா கொடுத்தியா?


மானூர்_மட்டம் | திங்கள் காலை 6:40

கொடுத்தேன் அண்ணாச்சி. டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். மருந்து இல்லியே, சமையல் சாமான்தானேன்னு விட்டுட்டேன். கால் சோராம ஓடும்னு சொல்லி, வெல்லத் தண்ணியில ஒரு கைப்பிடி கரைச்சு விடியக்காலம் ஊத்தினோம்.


நெல்லை_கால்நடை | திங்கள் காலை 8:05

நன்றி தம்பி. இப்ப படம் முழுசாத் தெரியுது.

குதிரை வியர்வை நம்ம வியர்வை மாதிரி இல்ல. நமக்கு ஊறுற வியர்வையில ரத்தத்தை விட உப்பு குறைவு. அதனால வியர்க்க வியர்க்க ரத்தத்துல உப்புச் செறிவு ஏறும், மூளை ‘தண்ணி குடி’ன்னு சொல்லும். குதிரை வியர்வையில ரத்தத்துக்குச் சமமா, சில நேரம் அதைவிடக் கூடவே உப்பு இருக்கு. ஒரு லிட்டருக்குச் சோடியம் 3 கிராமுக்கு மேல, குளோரைடு 5ல இருந்து 6 கிராம், பொட்டாசியம் ஒரு கிராமுக்கு மேல, கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் மக்னீசியம். தண்ணியும் உப்பும் சேர்ந்தே வெளிய போறதால ரத்தத்துல செறிவு மாறுறதில்ல. மூளைக்குச் சேதியே போகாது. உடம்பு காஞ்சு கிடக்கும், குதிரை வாளியைப் பாத்து முகத்தைத் திருப்பும். ஊர்த் தண்ணி பிடிக்காதது ஒரு காரணம்தான். தாகமே எடுக்கலைங்கிறது பெரிய காரணம்.

அந்த வெள்ளை நுரை, வியர்வையில இருக்கிற ‘லேத்தரின்’னு ஒரு புரதம். சோப்பு மாதிரி வேலை செஞ்சு வியர்வையை ரோமத்துல பரப்பும். நுரை வந்தாலே ஆபத்துன்னு பயப்பட வேண்டாம்.

அடுத்தது குளோரைடு. அது நெறைய போனா ரத்தம் காரத் தன்மைக்குச் சாயும். மனுசன் ஓடினா அமிலம் கூடும்னு பாடத்துல படிச்சிருப்போம். பல மணி நேரம் வியர்த்த குதிரைக்கு நடக்கிறது அதுக்கு நேர் எதிர். ஏற்கெனவே காரத்துக்குச் சாயுற உடம்புல ஆப்பசோடாங்கிற காரத்தை ஊத்தினா என்ன ஆகும்? காரம் ஏறும்போது ரத்தத்துல தனியாத் திரியுற கால்சியம் புரதத்தோட ஒட்டிக்கும். மொத்தக் கால்சியம் அப்படியே இருந்தாலும் நரம்புக்குக் கிடைக்கிறது குறையும். உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசைக்குப் போற நரம்பு இதயத்தை ஒட்டியே போகுது. கால்சியம் குறைஞ்சா அந்த நரம்பு சும்மாவே சிலிர்த்துக்கிட்டு நிக்கும், இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அந்த மின்சாரம் பட்டு உதரவிதானம் ஒரு இழுப்பு இழுக்கும். நீங்க பாத்த எழுபது சொச்சம் மூச்சுக் கணக்கு இல்ல, இதயக் கணக்கு.

நேர்ல பாக்காம முடிவாச் சொல்ல முடியாது. ஆனா ராத்திரிப் பயணம், தண்ணி இல்லாமை, வெயில், சோடா நாலும் ஒரே பக்கமாத்தான் கை காட்டுது. பல நாட்டுல குதிரைப் பந்தயத்துல சோடாவுக்குத் தடை இருக்கு, ரத்தம் எடுத்தே சோதிக்கிறாங்க.

துடிப்பு தானா நின்னது அதிர்ஷ்டம். அடுத்த தடவை நிக்கலைன்னாலோ, குதிரை தடுமாறினாலோ, மூத்திரம் காப்பி நிறத்துல போனாலோ காத்திருக்காதீங்க. கால்சியம் ஊசி உண்டு, ஆனா இதயத்தைக் கேட்டுக்கிட்டே மெதுவா ஏத்த வேண்டியது. மாட்டுக்கு வாங்கி வச்ச பாட்டிலைத் தூக்கி நீங்களே ஏத்திராதீங்க.


வல்லநாட்டு_சாரதி | திங்கள் காலை 9:30

டாக்டர் சொல்லுததை மறுக்கல. சோடா எங்க காலத்துல கிடையாது, அது இப்ப வந்த சவம். ஆனா தண்ணி விசயத்துல ஒத்துக்கிட மாட்டேன். வயிறு முட்டக் குடிச்ச குதிரை ஓடுமா? நீங்க ஓடுவீகளா?


வளைகுடா_லாயம் | திங்கள் மதியம் 12:10

அண்ணாச்சி, வயிறு முட்டக் குடிக்கச் சொல்லல. வெலக்காம வச்சிருந்தா எந்தக் குதிரையும் முட்டக் குடிக்காது. ராத்திரியெல்லாம் காயப்போட்டு, காலையில திறந்து விட்டாத்தான் முட்டக் குடிக்கும்.

இன்னொண்ணு. குதிரைக்குத் தண்ணித் தொட்டி இரைப்பையில இல்ல, பெருங்குடல்ல இருக்கு. புல்லு, நார் போய் அங்கன ஊறித் தண்ணியையும் உப்பையும் பிடிச்சு வச்சிருக்கும். ஓடும்போது உடம்பு அதுல இருந்துதான் இழுத்துக்கிடும். அதனாலதான் நாங்க முந்தின நாளு புல்லை நிறுத்தவே மாட்டோம். புல்லும் இல்ல, தண்ணியும் இல்லன்னா தொட்டி காலி.

ஓடி வந்த சூட்டோட தண்ணி ஊத்துறது பத்தி: 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால இதைத்தான் ஆராய்ஞ்சாங்க. அந்த ஊரு நம்ம ஊரு மாதிரி புழுக்கம். குளிர்ந்த தண்ணிய நேரா ஊத்தினதுல நரம்பும் இழுக்கல, தசையும் பிடிக்கல, சூடு வெரசா இறங்குச்சு. நாங்க ஓட்டத்துக்கு நடுவுலயே பாட்டில் பாட்டிலா ஊத்துவோம். ஊத்தாம துணியால போத்தி வச்சாத்தான் உள்சூடு ஏறும். குடிக்கிறதும் அப்படித்தான். நின்ன உடனே முதல் சில நிமிசந்தான் அதுக்குக் குடிக்கத் தோணும், அந்த நேரத்தை விட்டா வாளிப் பக்கமே வராது.


மானூர்_மட்டம் | திங்கள் மதியம் 1:00

புரியுது. அப்ப எனக்கு என்ன பவுடர்? ஆன்லைன்ல ஒண்ணு 1,800 ரூபா போட்டிருக்கான். அந்த ஓ.ஆர்.எஸ். யோசனை சரியா தப்பா?


நெல்லை_கால்நடை | திங்கள் இரவு 9:15

ஓ.ஆர்.எஸ். பேதியான பிள்ளைக்கு அருமையான மருந்து, ஓடின குதிரைக்கு உண்டாக்கினது இல்ல. ஒரு லிட்டர் பாக்கெட்ல 20.5 கிராம் இருக்கும், அதுல 13.5 கிராம் குளுக்கோஸ். உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, மீதி சிட்ரேட். குளோரைடை மட்டும் கூட்டினா 2.3 கிராம். குதிரையோட ஒரு லிட்டர் வியர்வைக்கு ரெண்டு பாக்கெட்டுக்கு மேல வேணும்னு கணக்கு வருது. அந்த சிட்ரேட்டும் உடம்புக்குள்ள போய்க் காரமாத்தான் மாறும். உங்க குதிரைக்கு அன்னைக்கு அது வேண்டாத சாமான்.

பாட்டில்ல ஊத்தாம விட்டீங்களே, அதுதான் அன்னைக்கு நீங்க செஞ்ச நல்ல காரியம். தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தினா புரையேறி நுரையீரலுக்குப் போயிரும். குதிரையால வாந்தியும் எடுக்க முடியாது. தண்ணியே குடிக்காம காஞ்சு நிக்கிற குதிரைக்குக் கெட்டியான உப்புக் கரைசலை உள்ள தள்ளினா, உடம்புல மிச்சம் இருக்கிற தண்ணியையும் குடல் இழுத்துக்கும். தண்ணி குடிக்கிற குதிரைக்குத்தான் உப்பு. குடிக்காததுக்கு மருத்துவர். கெட்டிக் கரைசலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தா இரைப்பைப் புண் கூடுறதையும் ஆய்வுல காட்டியிருக்காங்க. ஆரஞ்சு வாசனை வர்ற எலக்ட்ரோலைட் பசையை மணிக்கு ஒருக்கா வாயில பீச்சுறவங்க இதைக் கவனிக்கணும்.

இப்ப உங்க எட்டு மைல் கணக்கு. 500 கிலோக் குதிரை நல்ல வெயில்ல மணிக்கு 10ல இருந்து 15 லிட்டர் வரை வியர்க்கும். உங்க 320 கிலோவுக்கு அரை மணி நேரம்னா 3ல இருந்து 5 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்புகன்னு வச்சா 30, 50 கிராம். சாதாரண உப்பும் நல்ல புல்லும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஈடு கட்டிரும். 1,800 ரூபா பவுடர் இதுக்குத் தேவையே இல்ல. உங்க குதிரை இழந்ததுல பெரும்பங்கு பந்தயத்துல போகல தம்பி, குட்டியானையில போச்சு. ஆடுற வண்டியில ராத்திரி முழுக்கக் கால் ஊன்றி நிக்கிறதே அதுக்கு வேலை. வியர்க்கும், குடிக்காது, திங்காது.

வீட்டுல தினமும் தீவனத்துல 20 கிராம் சாதா உப்பு, குவிச்சு ஒரு மேசைக்கரண்டி. பயிற்சி இருக்கிற நாள்ல ரெண்டு. புல்லுல பொட்டாசியம் தாராளமா இருக்கிறதால தினசரிக்கு அது வேண்டாம். 30, 40 கிலோமீட்டர் நீண்ட சவாரி போற நாள்ல மட்டும் ரெண்டு பங்கு உப்புக்கு ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து, தண்ணி குடிச்ச பிறகு ஈரத் தீவனத்தோட. சீனி வேண்டாம், சோடா வேண்டாம்.


முத்துநகர்_உப்பளம் | செவ்வாய் காலை 7:25

தூத்துக்குடியில இருந்து. குதிரை கிடையாது, உப்பளம் உண்டு, அதனால உப்புன்னு பாத்ததும் வந்துட்டேன். மாட்டுக்குத் தொங்கவிடுற உப்புக் கட்டியைக் குதிரைக்கும் தொங்கவிடலாமா? அயோடின் கலந்தது நல்லதா, அளத்துக் கல்லுப்பு நல்லதா?

சம்பந்தம் இல்லாம ஒரு சேதி: காயல் துறைமுகத்துல பாண்டியனுக்கு அரபு நாட்டுக் குதிரையாக் கப்பல் கப்பலா இறங்கினதை 13ஆம் நூற்றாண்டுல வந்த மார்க்கோ போலோ சொல்லியிருக்கான். வருசா வருசம் வாங்கிக்கிட்டே இருந்தாங்களாம், ஏன்னா வந்த குதிரையில பெரும்பாலும் பராமரிப்புத் தெரியாமச் செத்துப்போகுமாம். சோத்தையும் கறியையும் வேகவச்சுப் போட்டிருக்காங்க! பக்கத்துலயே இவ்வளவு உப்பு விளையுது, அதை யாராவது அந்தக் குதிரைகளுக்கு வச்சாங்களோ என்னவோ.


நெல்லை_கால்நடை | செவ்வாய் இரவு 8:40

உப்பள அண்ணாச்சி, கட்டி தொங்கலாம், அதை நம்பி இருக்கக்கூடாது. மாட்டு நாக்கு அரம் மாதிரி, குதிரை நாக்கு வழவழப்பு. அது நக்கித் தேவையான அளவு எடுக்காது. தூளாத் தீவனத்துல போடுறதுதான் சரி. நாம சமையலுக்கு வாங்குற உப்பே போதும்.

இதோட ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கோ கோழிக்கோ தயாரிச்ச தீவனத்தையும் தாதுக் கலவையையும் குதிரைக்குப் போடாதீங்க. சிலதுல ‘மோனென்சின்’னு ஒரு மருந்து கலந்திருக்கும். மாடு தாங்குற அளவு குதிரையோட இதயத் தசையைக் கொன்னுரும். மூட்டையில எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்குங்க.


புல்லுக்கட்டு | செவ்வாய் இரவு 9:30

கால்சியம் குறையுறதுதான் காரணம்னா தினமும் குதிரை மசால் (லூசர்ன் தீவனப் பயிர்) அறுத்துப் போட்டா முடிஞ்சுதே? பேருலயே குதிரை இருக்கு. நான் கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுதான் போடுதேன், மாத்திரலாமா?


நெல்லை_கால்நடை | புதன் காலை 7:50

நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் கோணல். கோ-4, கொழுக்கட்டைப்புல் இதுலயெல்லாம் ஆக்சலேட் உண்டு, அது கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். மாடு சமாளிக்கும், குதிரை சமாளிக்காது. கூடவே தவிடும் அள்ளிப் போட்டீங்கன்னா பாஸ்பரஸ் ஏறி, வருசக் கணக்குல முக எலும்பே வீங்கிப் போகும். அதனால அதை மட்டுமே நம்பாம கடலைக்கொடி, அருகம்புல், கொஞ்சம் குதிரை மசால் கலந்து போடுங்க.

ஆனா பந்தயக் குதிரைக்கு மசாலை மட்டுமே குவிக்காதீங்க. தினமும் கால்சியம் கொட்டிக் கிடந்தா எலும்புல இருந்து எடுத்துக் கொடுக்கிற சுரப்பு சோம்பேறி ஆயிரும். திடீர்னு தேவைப்படும்போது எழுந்து வராது. மசால் மட்டும் தின்ற குதிரைக்கும் இந்த விலாத் துடிப்பு வர்றது இதனாலதான்.


வளைகுடா_லாயம் | புதன் இரவு 11:50

மானூர் தம்பிக்கு ஒரு கை வைத்தியம். இப்பவே லாயத்துல ரெண்டு வாளி வச்சுப் பழக்கு. ஒண்ணு வெறுந்தண்ணி. இன்னொண்ணுல பத்து லிட்டருக்கு 90 கிராம் உப்பு. முதல்ல குடிக்காது. பாதியில இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. பழகிட்டுன்னா, ஓடி முடிச்சதும் முதல் வாளி உப்புத் தண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு வெறுந்தண்ணி. முதல்லயே வெறுந்தண்ணி குடிச்சா ரத்தம் நீர்த்து, இருக்கிற தாகமும் அடங்கிரும். உப்புத் தண்ணி முதல்ல போனா தாகம் நிக்கும், மொத்தமாக் கூடக் குடிக்கும். வெறுந்தண்ணி வாளியை மட்டும் எப்பவும் எடுத்துராத.

பந்தயத்தன்னைக்கு எதையும் புதுசா ஆரம்பிக்காத. வீட்டுல குடிச்சுப் பழகாததை வேற ஊர்ல, மைக் சத்தத்துல, வேட்டுச் சத்தத்துல அது குடிக்கவே குடிக்காது.

வல்லநாட்டு அண்ணாச்சி, உங்க கருப்பட்டி ஒண்ணும் மோசமில்ல. கருப்பட்டி வாசனைக்கு வேத்து ஊர்த் தண்ணியும் உள்ள போயிரும். அதை மருந்துன்னு சொல்லாம தண்ணிக்கு ருசின்னு சொன்னா நான் உங்க கட்சி.


வல்லநாட்டு_சாரதி | வியாழன் காலை 6:15

எல்லாத்தையும் மாத்துங்க, கருப்பட்டியையாவது விட்டீகளே.


மானூர்_மட்டம் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:30

பழைய இழையைத் தூக்குதேன், மன்னிக்கணும். நேத்து பந்தயம் போயிட்டு வந்தோம்.

உப்பு வாளியை முதல் நாலு நாள் உதைச்சே தள்ளிட்டு. அஞ்சாம் நாள் தோலு உரிச்ச வெயில்ல முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து வச்சேன், முக்கால் வாளி குடிச்சுது. வீட்டுக் கிணத்துத் தண்ணிய மூணு கேன்ல கொண்டு போனோம். விருதுநகர் தாண்டினதும் ஒரு தடவை, மதுரை தாண்டினதும் ஒரு தடவை வண்டிய ஓரங்கட்டி, இறக்காமலே தண்ணியும் கடலைக்கொடியும் காட்டினோம். ரெண்டாவது இடத்துல கருப்பட்டி கொஞ்சம் போட்டதுக்கு அப்புறந்தான் குடிச்சுது அண்ணாச்சி. காலையில கொடி அசைக்கிற வரைக்கும் வாளிய எடுக்கல. சோடா கிடையாது.

நாலாவதுதான் வந்துச்சு. முடிஞ்சதும் ரெண்டு குடம் மேல ஊத்தினேன், சுத்தி நின்னவங்க எல்லாம் அய்யய்யோன்னாங்க. இருபது நிமிசத்துல நெஞ்சுல கை வச்சு எண்ணினேன், 60. விலா அசையல. தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டா உடனே படிஞ்சுது. உப்பு வாளி காலி.


வல்லநாட்டு_சாரதி | ஞாயிறு இரவு 8:55

மூணு நாலு ஆயிட்டுல்லா! சோடா போட்டிருந்தா ரெண்டு வந்திருக்கும்னு எவனாவது சொல்லுவான், காதுல வாங்காத. குதிரை நிக்கியே, அது போதும்.

டாக்டர் சார், நம்மகிட்ட நடுமாடு (நடுப் பிரிவுப் பந்தய மாடு) ஒரு ஜோடி நிக்கி. அதுக்கு எத்தனை கரண்டி உப்பு?


நெல்லை_கால்நடை | ஞாயிறு இரவு 9:20

அண்ணாச்சி, மாட்டுக் கணக்கே வேற. அது வியர்வையில சோடியத்தை அவ்வளவா விடாது, பொட்டாசியத்தைத்தான் விடும். வாயில எச்சிலா ஒழுகுறது தனிக் கணக்கு. இந்த அளவை அப்படியே மாட்டுக்குப் போட்டுராதீங்க. புது இழை ஒண்ணு தொடங்குங்க, வயசும் எடையும் என்ன தீவனம்னும் எழுதுங்க, வாரேன்.